பதில் சொல்லக் கூடாத நாள்

மனித குலத்திலேயே பயம் என்பதை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்ட ஒரே ஒருவர், அந்தக் காலை நேரத்தில், குளியலறைக் கதவுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இன்னொரு காலுறையைத் தேடிக்கொண்டிருந்தார்.

இது யாரோ கிளப்பிவிட்ட வதந்தி அல்ல. அவரே பல இடங்களில் அறிவித்திருக்கிறார். முடிவெட்டும் கடையில், பஸ் நிறுத்தத்தில், கடைசியாகப் போன வாரம் ஆலோசகரின் அறையில்.

"எனக்குப் பயம் கிடையாது மேடம். அந்த பார்ட்டை என் உடம்புல பொருத்தவே இல்லை."

லிஃப்ட் மெக்கானிக் சொன்னால் நம்பத்தான் வேண்டும். இருட்டுக் கிணறு மாதிரி இறங்கும் லிஃப்ட் பாதைக்குள், பெட்டியின் கூரை மேல் நின்றுகொண்டு, பிசுக்கேறிய கயிறுகளுக்கு நடுவே டீ குடிக்கக்கூடியவர்.

இன்னும் பலமான சாட்சி வேண்டுமென்றால், போன வருடத்து விவகாரம் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, மெஷின் மேலேயே சாய்ந்து விழுந்தாள். இதயம் தாளம் தப்பிவிட்டது என்றார்கள். மெக்கானிக் அழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கேன்டீனில் இரண்டு பன் சாப்பிட்டார். அவள் தோளுக்குக் கீழே ஒரு சின்னக் கருவியை வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பிய மறுநாளே வேலைக்குப் போய்விட்டார்.

"என்னா நெஞ்சுரம்!" என்றார்கள் சொந்தக்காரர்கள். அவரும் மறுக்கவில்லை.

பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் ஒரு மாதிரி ஆகுமே, அந்த மாதிரிதான் இருந்தது அவருக்கு. தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போலிருக்கும். பல் டாக்டரின் ஊசி சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். இவருக்கு வருடம் திரும்பியும் இறங்கவில்லை. அதற்கு அவர் தைரியம் என்று பெயர் வைத்திருந்தார்.

வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட பயம் மொத்தமும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. ஒன்பது வயது மகள். சுண்டுவிரல் மாதிரி இருப்பாள் என்பதால் சுண்டு.

"அம்மா?" என்பாள் சுண்டு.

"இருக்கேன்," என்று உடனே பதில் வர வேண்டும்.

சமையலறையிலிருந்து, மொட்டை மாடியிலிருந்து, தூக்கத்திலிருந்து. பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்ததும் ஆபீஸ் அறை ஃபோனிலிருந்து ஒரு தடவை. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் இது தெரியும். புதிதாக வந்தவர்கள் அந்த வீட்டில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும், தெரிந்துவிடும்.

பதற்றப்படும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்குமான வகுப்பு ஒன்று வாராவாரம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஓர் அறையில், பெரியவர்கள் பக்கத்து அறையில். பயத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் கொடுக்க வேண்டும். சின்னப் பயத்திலிருந்து பெரிய பயம் வரை ஓர் ஏணி வரைந்து, ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஏறும்போது எண் கூடும். ஓடிப்போகாமல் நின்றால் தானாகக் குறையும். பெற்றவர்களுக்கு ஒரே ஒரு வேலைதான். பதில் சொல்லாமல் இருக்க வேண்டும். "இருக்கேன்" என்பதைச் சொல்லச் சொல்லத்தான் பிள்ளைக்கு அது மறுபடி மறுபடி தேவைப்படுகிறதாம்.

மெக்கானிக் அந்த ஆலோசகருக்கு ஏணி மேடம் என்று பெயர் வைத்திருந்தார். தொழில் முறையிலும் அவருக்கு ஏணி பிடிக்காது.

"எங்க தொழில்ல ஒரு சட்டம் இருக்கு மேடம்," என்று போன வாரம் வகுப்பிலேயே எழுந்து நின்று சொல்லிவிட்டார். "மேல இருக்கறவன் குரல் கொடுப்பான். கீழ குழியில நிக்கறவன் 'இருக்கேன்'னு சொல்லணும். பதில் வரலேன்னா மோட்டாரைத் தொடக் கூடாது. பதில் சொல்லாதேன்னு நீங்க சொல்றீங்க. எங்க வேலையில அது கொலைக் கேஸ்."

மற்ற பெற்றோர்கள் சிரித்தார்கள். ஏணி மேடமும் சிரித்தாள்.

"குழி சரி. உங்க வீட்டுல மோட்டார் எங்க சார் இருக்கு?"

அதற்கு அவர் ஒரு நல்ல பதில் வைத்திருந்தார். பஸ்ஸில் வரும்போதுதான் ஞாபகம் வந்தது. இறங்குவதற்குள் மறந்தும் போனது.

*

குளியலறைக்குள் தண்ணீர் விழும் சத்தம். கதவுக்கு வெளியே பள்ளிச் சீருடையில் சுண்டு. ஏணியில் ஐந்தாவது படி: அம்மா குளிக்கும்போது கூப்பிட்டால் அம்மா பதில் சொல்ல மாட்டாள்.

"அம்மா?"

தண்ணீர் விழுந்தது.

"அம்மா?"

இன்னும் தண்ணீர்தான்.

"என்ன நம்பர்?" என்றார் மெக்கானிக். கேட்கச் சொல்லியிருந்தார்கள், கேட்டார்.

"ஏழு."

"பரவாயில்லையே, பாஸ் மார்க்."

"இது மார்க் இல்லப்பா. கம்மியா வாங்கணும்."

"கம்மியா வாங்கினா பாஸா? இந்தத் திட்டம் எங்க காலத்துல வந்திருந்தா நான் கலெக்டர்."

சுண்டு சிரிக்கவில்லை. விரல் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். மெக்கானிக் காலுறையைத் தேடுகிற சாக்கில் குனிந்தார். சுவரோரம் ஓடும் தண்ணீர்க் குழாயில், கையிலிருந்த சாவியால் இரண்டு தட்டு தட்டினார்.

டக். டக்.

சுண்டுவின் தோள் இறங்கியது. கை வாயிலிருந்து வந்தது. "மூணு," என்றாள்.

குளியலறையில் தண்ணீர் நின்றது. தலையில் துண்டோடு மனைவி வெளியே வந்தாள். முகம் துடைக்கவில்லை.

"நீங்கதானா அது?"

"எது?"

"மூணு வாரமா குழாய்ல காத்து அடைச்சிருக்குன்னு நெனச்சிட்டிருக்கேன். பிளம்பரைக் கூப்பிடுங்கன்னேன். பார்க்கறேன்னீங்க."

"பார்த்துட்டுத்தானே இருக்கேன்."

"எதுக்குத் தட்டினீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் சுண்டு உதவிக்கு வந்தாள். "அப்பா ரெண்டு தட்டு தட்டினா உள்ள ஆள் பத்திரம்னு அர்த்தம்மா. லிஃப்ட்ல அப்படித்தானாம். நீ பேசக் கூடாதுல்ல, அதனால அப்பா தட்டுவாரு. ராத்திரி உங்க ரூம் சுவத்துல கூடத் தட்டுவாரே."

மனைவி மகளைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிற அதே பார்வை.

"அப்ப மூணு வாரமா இவ ஏறின படியெல்லாம்?"

மெக்கானிக்குக் காலுறை கிடைத்துவிட்டது. அதை மிகுந்த அக்கறையோடு மாட்டினார்.

"ஏறலை," என்றாள் அவளே. "நாம எல்லாரும் கை தட்டினோம். நான் அந்த மேடத்துக்கிட்ட அழுதுட்டேன், சந்தோஷத்துல."

"சும்மா ஒரு தட்டு. இதுல என்ன வந்துச்சு? எனக்கு ஒண்ணும் பயமில்லை. குழந்தைக்கு ஒரு சிக்னல்."

"கத்தறதுக்குக் கூடத் தெம்பு இல்ல எனக்கு." அவள் குரல் ஏறவேயில்லை. அந்த வீட்டில் இப்போதெல்லாம் யாருடைய குரலும் ஏறுவதில்லை. "நான் இன்னிக்குக் கடைக்குப் போறேன். முதலாளி இன்னிக்கு வரைக்கும்தான் எனக்காக அந்த வேலையை வச்சிருக்காரு. மத்தியானம் ஸ்கூல்லேர்ந்து ஃபோன் வராது. வந்தாலும் நான் எடுக்க மாட்டேன். இதுதான் இன்னிக்குப் படி. சுண்டுவும் நானும் மேடமும் சேர்ந்து எழுதினது."

"படி அஞ்சே பொய்யாம், அதுக்குள்ள ஆறா?" என்றார், கொஞ்சம் கிண்டலாகவே.

"ஆமா. யாரால பொய்?"

சுண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் தப்பா சொல்லிட்டேனா?"

"நீ சரியா சொன்னேடா கண்ணு," என்றாள் அம்மா. பிறகு கணவரிடம், "சாயங்காலம் மேடத்துக்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா, யோசிச்சு வைங்க. இந்தப் படி இன்னிக்குச் சரிஞ்சா, நான் திரும்ப வீட்டுல உக்காந்துடுவேன். இவ ஆபீஸ் ரூம் வாசல்ல நின்னு அழறாங்கற ஃபோனை இன்னொரு தடவை என்னால கேக்க முடியாது. அவ்வளவுதான்."

அவள் தலை துவட்டப் போனாள். மெக்கானிக் சாவியைப் பையில் போட்டார். உள்ளே ஏதாவது சுடுகிறதா என்று தேடிப் பார்த்தார். அதே மரத்த கன்னம்தான்.

*

பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. சுண்டு இறங்கவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"அப்பா."

"ம்."

"மத்தியானம் நீங்க தட்டுவீங்களா?"

"நான் எங்கயோ வேலையில இருப்பேன். இங்க எப்படிக் கேக்கும்?"

"கேக்க வேணாம். தட்டுவீங்கன்னு தெரிஞ்சா போதும்."

இதற்கெல்லாம் சேர்த்துப் பதில் சொல்லித் தந்திருந்தாள் ஏணி மேடம். 'உனக்கு என்ன தோணுது?' என்று திருப்பிக் கேட்க வேண்டுமாம். மெக்கானிக் அதை வீட்டில் மூக்கால் பேசி, கண்ணை உருட்டி, பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார். சுண்டுவே சிரித்திருக்கிறாள். இப்போது அதை நேராகச் சொல்ல நாக்கு வளையவில்லை. 'தட்டறேன்' என்பது ஒரே ஒரு சொல். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் சட்டையை விட்டுவிடுவாள், ஓடிவிடுவாள், வேலைக்கும் நேரத்தோடு போய்விடலாம்.

"மணி அடிக்கப் போகுது. இறங்கு," என்றார்.

அவள் இறங்கினாள். பையைத் தோளில் ஏற்றினாள். "எட்டு," என்றாள். யாரும் அவளிடம் நம்பர் கேட்கவில்லை.

வாசலுக்குள் போனவள் திரும்பி வந்தாள்.

"உங்களுக்கு எவ்வளவுப்பா?"

"எனக்கா? சைபர்."

"எப்பவுமே சைபரா?"

"எப்பவும்."

சுண்டு கொஞ்சம் யோசித்தாள். "அப்ப உங்க மீட்டர் ரிப்பேர்ப்பா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். வீட்டில் ரிப்பேர் என்றால் அப்பா சரி செய்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

*

அன்றைய வேலை ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில். லிஃப்ட் இரண்டாம் மாடியில் நிற்காமல் மூன்றாம் மாடியில் இரண்டு தடவை நின்றது. கட்டடத்தின் மேனேஜர் இதை மெக்கானிக்கின் தனிப்பட்ட குணக்கேடு மாதிரி விவரித்துவிட்டுப் போனார்.

மெக்கானிக் பெட்டியின் கூரை மேல். அடியில், குழிக்குள், அவருடைய கூட்டாளி. உடம்பு முழுக்க எந்நேரமும் கிரீஸ் என்பதால் அவர் பெயர் எண்ணெய்.

"குழி?"

"இருக்கேன்."

"நகத்தறேன்."

"நகத்து, நகத்து. உயில் எழுதி வச்சிட்டேன்."

பெட்டி ஒரு சாண் இறங்கியது. நின்றது.

"குழி?"

"இருக்கேன் மாப்ளே. எங்க போவேன்? சினிமாவுக்கா?"

வழக்கமாக இந்தச் சொல்லை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. மூச்சு மாதிரி வரும், போகும். இன்று ஒவ்வொரு 'இருக்கேன்'னும் தனித்தனியாக மேலே ஏறி வந்தது. சுண்டு ரொம்பச் சின்னவளாக இருந்தபோது ஒரு விடுமுறை நாளில் அவளை வேலை இடத்துக்குக் கூட்டி வந்திருந்தார். மடியில் வைத்துக்கொண்டு, கீழே பார்த்துக் கூப்பிடச் சொன்னார். குழியிலிருந்து எண்ணெய் "இருக்கேன்" என்றதும் கை கொட்டிச் சிரித்தாள். சாயங்காலம் வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வேலைக்கு நடுவே, நேரம் போக வேண்டுமே என்று, வகுப்பைப் பற்றி எண்ணெய்க்குச் சொன்னார். வழக்கம்போல மூக்கால்.

"'பயம் வரும் சார். எண்ணைச் சொல்லுங்க. ஒண்ணும் பண்ணாதீங்க. ஃபோன் பண்ணாதீங்க. கேக்காதீங்க. சும்மா உக்காந்திருங்க. தானா எறங்கும்.' சும்மா உக்காந்திருக்கச் சொல்லித் தர்றதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு ரூம், ரூமுக்கு ஏ.சி."

"எறங்குதா?" என்றது குழி.

"எது?"

"பயம்தான். நெஜமாவே எறங்குதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஏறினாத்தானே."

குழி ஒரு நட்டைக் கையால் திருகிப் பார்த்தது. பிறகு ஸ்பேனர் கேட்டது.

*

பன்னிரண்டரைக்கு எண்ணெய் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் மணி அடித்திருக்கும். மெக்கானிக், கை கழுவிவிட்டு வருகிறேன் என்று மாடிப்படியில் ஏறினார். கை கழுவும் இடம் கீழே இருந்தது.

இரண்டு மாடிக்கு நடுவில், படி திரும்புகிற இடத்தில் நின்று கண்ணாடிக் கடையின் எண்ணை அழுத்தினார்.

பயத்தினால் அல்ல. ஒரு நடைமுறை விஷயம் கேட்க வேண்டியிருந்தது. வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று. சாவி அவருடைய கால்சட்டைப் பையில், தொடையைக் குத்திக்கொண்டிருந்தது.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது.

கடையில் கூட்டமாயிருக்கும். சாப்பாட்டு நேரத்தில்தானே எல்லோரும் கண்ணாடி வாங்க வருவார்கள். அவர் மறுபடி அழுத்தினார். மறுபடி அடித்து அடித்து நின்றது.

கைபேசிக்கு அழுத்தினார். எடுக்க மாட்டேன் என்று அவளே காலையில் சொல்லியிருந்தாள்; ஸ்கூலிலிருந்து வந்தால் என்றுதானே சொன்னாள்? தனக்கும் சேர்த்தா? அதுவும் அடித்து ஓய்ந்தது.

போன வருடம் இதே மதிய நேரத்தில், வரைபடப் புத்தகத்தை மறந்துவிட்டேன் என்று சொல்ல, பள்ளி ஆபீஸ் அறையிலிருந்து அம்மாவின் கடைக்கு ஃபோன் செய்தாள் சுண்டு. அன்றைக்கும் யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவள் மெஷின் மேல் சாய்ந்து கிடந்தாள். இதை அவர் ஆஸ்பத்திரியில், ஆலோசகரின் அறையில், சொந்தக்காரர்கள் வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், செய்தி வாசிப்பவர் மாதிரி. அந்த ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

முதலில் உதடு விறுவிறுத்தது. பிறகு நாக்கு. ஊசி இறங்கும்போது இப்படித்தான் ஆரம்பிக்கும், ஓரத்திலிருந்து. அவர் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

கட்டைவிரல் தானாகப் பள்ளிக்கூடத்தின் எண்ணைத் தேடி எடுத்தது. அங்கே எடுப்பார்கள். அங்கே எப்போதும் எடுப்பார்கள். எழுத்தரம்மா வராந்தாவில் நடந்து போய், 'உங்கப்பா ஃபோன்ல இருக்காரு வா' என்று கூப்பிடுவாள். சாப்பாட்டு நேரத்தில் ஃபோன். சுண்டு ஓடி வரமாட்டாள். நடந்துதான் வருவாள். என்ன செய்தி என்று கேட்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டிருக்கும்.

அல்லது இந்த நிமிஷம் அவளே ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருக்கிறாளோ? கையில் பாதி தின்ற சாப்பாட்டு டப்பாவோடு, 'கிளாஸுக்குப் போம்மா' என்று திருப்பி அனுப்பப்பட்டு?

தெரியாது. ஒரு தட்டு தட்டினால் தெரிந்துவிடும்.

கட்டைவிரல் எண்ணின் மேலேயே இருந்தது. திரை மங்கியது. அணைந்தது.

அவர் ஃபோனைக் கவிழ்த்து மேல் படியில் வைத்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார். திரும்பவும் எடுத்து, இன்னும் ஒரு படி மேலே வைத்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"ஒன்பது," என்றார். மூக்கால் அல்ல, சொந்தக் குரலில். குரல் கீச்சென்று வந்தது.

கீழேயிருந்து எண்ணெய், வாயில் சோற்றோடு, "என்ன மாப்ளே ஒன்பது?"

"என்னோடது."

கீழே டப்பா மூடும் சத்தம் கேட்டது. பிறகு படியில் காலடி. எண்ணெய் ஏறி வந்து அவரைப் பார்த்தார், கவிழ்ந்து கிடந்த ஃபோனைப் பார்த்தார். இரண்டு படி கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எடுத்துப் பார்த்துடேன்."

"கூடாது."

"சரி."

மேலே எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது. யாரோ லிஃப்ட் பொத்தானை அழுத்தி அழுத்திச் சலித்துக்கொண்டு நடந்து போனார்கள்.

"இப்ப?" என்றார் எண்ணெய்.

மெக்கானிக் கண்ணை மூடி, உள்ளே போய்ப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு, நேர்மையாகப் பார்த்தார்.

"ஒன்பதுதான்," என்றார். "நீ போய் சாப்பிடு. நான் கொஞ்சம் உக்காந்திருக்கேன்."